அப்பா அம்மாவுக்கு ஹெல்த் வாட்ச் வாங்கலாமா? வாட்ச், பேண்ட், பிரஷர் மிஷின், சுகர் சென்சார், எஸ்ஓஎஸ் பட்டன்: ஓர் ஒப்பீடு

அப்பாவுக்கு இப்போது 78 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணனும் நானும் சேர்ந்து அவருக்கு விலை உயர்ந்த ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அவர் அதைக் கட்டியிருந்தது மொத்தம் 19 நாள். இப்போது அது கும்பகோணத்து வீட்டில், பீரோவில், பத்திரக் கட்டுக்குப் பக்கத்தில், வந்த பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதே அப்பா, 2,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கிய பிரஷர் மிஷினை வாரத்தில் நாலு நாள் காலை காபிக்கு முன்னால் மேஜையில் எடுத்து வைத்து, கையில் பட்டையைச் சுற்றி, வரும் எண்ணைக் கோடு போட்ட நோட்டில் தேதியோடு எழுதி வைக்கிறார். மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

வயதானவர்களுக்குப் புதுச் சாதனங்கள் ஒத்துவராது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அப்பா யூடியூபில் உபன்யாசம் கேட்பவர், பால்காரருக்கு ஜிபே பண்ணுபவர், பேத்தியோடு தினமும் வீடியோ காலில் பேசுபவர். சாதனத்தைப் பார்த்து மிரளுகிற ஆள் இல்லை. அப்படியிருக்க ஒன்றைக் கழற்றி வைத்தார், இன்னொன்றை விடாமல் பயன்படுத்துகிறார் என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அப்புறம் அம்மா, பெரியம்மா, மாமனார் என்று, அப்பாவோடு சேர்த்து நாலு பேருக்கு வெவ்வேறு சாதனங்கள் வாங்கி, சில நிலைத்து, சில மூலையில் கிடந்து, பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: வாங்கும்போது நாம் சென்சாரையும் விலையையும் ஸ்டார் ரேட்டிங்கையும் ஒப்பிடுகிறோம், ஆனால் முதலில் ஒப்பிட வேண்டியது மூன்று மாதம் கழித்து அது அவர்கள் உடம்பில் இருக்குமா என்பதை. கழற்றி வைத்த சாதனத்தில் எத்தனை சென்சார் இருந்தால் என்ன?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் தேசிய அளவில் நடத்திய கணக்கெடுப்பை வைத்து 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மொத்தப் பெரியவர்களில் 29 சதவீதம் பேர் இப்படி உடம்பில் அணியும் சாதனத்தைப் பயன்படுத்தினார்கள், ஆனால் இதய நோய் இருப்பவர்களில் 18 சதவீதம் பேர்தான். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் குறைவு. ஹாங்காங்கில் 55 வயதைத் தாண்டிய ஆயிரத்துச் சொச்சம் பேரை வைத்து 2014-இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. ஒரு சாதனத்தை மக்கள் ஏற்பார்களா என்பதற்கு ‘இது பயன்படுமா, சுலபமா’ என்ற இரண்டு கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்கள் 1989-லிருந்து அடிப்படையாக வைத்து வந்தார்கள். வயதானவர்கள் விஷயத்தில் அந்த இரண்டையும்விட, தன்னால் இதைக் கையாள முடியும் என்ற நம்பிக்கை, உடல்நிலை, பக்கத்தில் உதவ ஆள் இருப்பது, இவைதான் உண்மையான பயன்பாட்டைத் தீர்மானித்தன என்று அந்த ஆய்வு சொன்னது. அதாவது ‘இது உங்களுக்கு நல்லதுப்பா’ என்று நாம் போனில் அரை மணி நேரம் எடுத்துச் சொல்வதைவிட, சார்ஜ் இறங்கினால் பக்கத்துத் தெருவிலிருந்து யார் வந்து பார்ப்பார்கள் என்பது பெரிய கேள்வி.

சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஸ்மார்ட் வாட்ச்சிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

நல்ல வாட்ச்களில் இரண்டு விஷயம் வயதானவர்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடியது. ஒன்று, விழுந்தால் கண்டுபிடிப்பது. ஆப்பிள் வாட்ச்சில் இது 2018-இல் வந்தது. பலமாக விழுந்ததாக வாட்ச் உணர்ந்து, ஆள் ஒரு நிமிடம் போல அசையாமல் இருந்தால், 30 விநாடி எண்ணிவிட்டு அவசர உதவி எண்ணை அழைக்கும், நாம் பதிந்து வைத்திருக்கும் உறவினர்களுக்கும் செய்தி போகும். சாம்சங், கூகுள் வாட்ச்களிலும் இதே போன்ற வசதி இருக்கிறது. இரண்டாவது, இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் சொல்வது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற அந்தத் துடிப்புக் கோளாறு பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கும், பக்கவாதம் வரும் வாய்ப்பை ஐந்து மடங்கு வரை கூட்டும், அதனால் முன்கூட்டித் தெரிவது பெரிய விஷயம். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஆப்பிள் இதய ஆய்வில் (2019-இல் வெளியானது) மொத்தத்தில் 0.5 சதவீதம் பேருக்குத்தான் வாட்ச் எச்சரிக்கை கொடுத்தது, ஆனால் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் அது 3 சதவீதத்துக்கும் மேல். எச்சரிக்கை வந்து, பிறகு மார்பில் ஒட்டும் பட்டையைப் போட்டுச் சோதித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அந்தக் கோளாறு பதிவானது. மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்று அர்த்தம் இல்லை, அது வந்து வந்து போகும் கோளாறு. ஆனாலும் வாட்ச் சொன்னவுடன் பதறக் கூடாது, இதய மருத்துவரிடம் போய் முறையான இசிஜி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகு, அப்பா ஏன் கழற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் காரணம் சார்ஜ். ஆப்பிள் தன் சாதாரண வாட்ச்களுக்குப் பல வருடங்களாக 18 மணி நேரம் என்றே சொல்லிவந்தது. மற்ற பெரிய வாட்ச்களும் பெரும்பாலும் தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் சார்ஜ் கேட்பவைதான். நாம் போனைப் போல இதையும் ராத்திரியில் சார்ஜரில் வைக்கச் சொல்கிறோம். யோசித்துப் பாருங்கள், வயதானவர்கள் விழ வாய்ப்புள்ள ஒரு நேரம் எது? இராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பாத்ரூம் போகும்போது. அந்த நேரத்தில் வாட்ச் மேஜையில் சார்ஜரில் இருக்கிறது. எதற்காக 40,000 ரூபாய் செலவழித்தோமோ அந்த நேரத்தில் கையில் இல்லை! இதை நான் கவனிக்கவே ஒரு வருடம் ஆனது. வாட்ச்தான் வாங்குவேன் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், சார்ஜ் போடும் நேரத்தைப் பகலில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் நேரத்துக்கோ சாயங்கால சீரியல் நேரத்துக்கோ மாற்றுங்கள். குளிக்கும்போதும் இரவிலும் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் போன். ஆப்பிள் வாட்ச்சுக்கு ஐபோன் வேண்டும், சாம்சங்குக்கு ஆண்ட்ராய்ட் போன் வேண்டும். தனி சிம் வசதி இல்லாத வாட்ச் என்றால் போன் பக்கத்தில் இருந்தால்தான் அழைக்கும். எங்கள் வீட்டில் போன் எப்போதும் கூடத்தில், டிவி மேல். அப்பா கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் விழுந்தால் வாட்ச் யாரைக் கூப்பிடும்? மூன்றாவது, மெதுவாகச் சரிவதை வாட்ச் சரியாகப் பிடிக்காது. அது கவனிப்பது தடாலென்று விழுகிற அதிர்ச்சியை. கட்டிலின் ஓரத்திலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் போவதும் 80-ஐத் தாண்டியவர்களுக்கு நடக்கக்கூடியது, அது தப்பிவிடலாம். மறுபக்கம், கையை ஓங்கி வேலை செய்யும்போது விழாமலே ‘விழுந்துவிட்டீர்களா?’ என்று கேட்கவும் கேட்கும். அப்பா தேங்காய் உரிக்கும்போது இரண்டு முறை அப்படிக் கேட்டது, கைதவறி ஆம்புலன்ஸுக்குப் போய்விடுமோ என்று அவருக்குக் கவலை. அந்தக் கவலைதான் அவரைக் கழற்ற வைத்தது என்று பிறகு சொன்னார். ‘108 வண்டி எனக்காக வீணா கிளம்பி வந்து, அந்த நேரத்துல வேற யாருக்காவது இல்லாம போச்சுன்னா?’ என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்க வேண்டும், வாங்கிக் கொடுத்த அன்றைக்கே உட்கார்ந்து, எப்படி நிறுத்துவது என்று பத்து முறை செய்து காட்டியிருக்க வேண்டும். நான் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டேன்.

அம்மாவின் கதை வேறு. அவருக்கு வாங்கியது 3,000 ரூபாய் ஃபிட்னஸ் பேண்ட். ஒரு சார்ஜ் பத்து நாள் வந்தது, எடை தெரியவில்லை, வளையல்களுக்கு மேல் கட்டிக்கொள்ள முடிந்தது. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எத்தனை காலடி வைத்தோம் என்ற எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பார். பேண்டில் 10,000 காலடி என்று இலக்கு போட்டிருக்கும், அது வராதபோது வருத்தப்படுவார். அந்த 10,000 எந்த மருத்துவரும் கணக்குப் போட்டுச் சொன்னது இல்லை, 1960-களில் ஜப்பானில் நடையை எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. சராசரி 72 வயதுள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2019-இல் வந்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது, 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. இதைச் சொல்லி அம்மாவின் பேண்டில் இலக்கை 4,500 ஆக மாற்றிக் கொடுத்தேன். அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். தினமும் பச்சைக் கோடு முழுதாக நிரம்பியது, தினமும் கட்டினார்.

அதை நானேதான் கெடுத்தேன். பேண்டின் தகவல் என் போனுக்கும் வரும்படி செய்திருந்தேன். ஒரு நாள் காலையில் போன் செய்து, ‘ராத்திரி மூணு மணியிலேருந்து முழிச்சிருந்தியே, என்ன பண்ணிட்டிருந்தே?’ என்று கேட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘நான் தூங்குறதும் முழிக்கிறதும் உனக்கு அங்க தெரியுமாடி?’ என்றார். மறுநாளிலிருந்து பேண்ட் சாமி அலமாரியில். தன் வீட்டில், தன் படுக்கையில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு நேரம் இருந்தது, அதையும் நான் எடுத்துக்கொண்டேன். இதைத்தான் நாம் யோசிப்பதே இல்லை. அந்தரங்கத் தகவல் பற்றி 2023-இல் நாட்டில் சட்டம் வந்திருக்கிறது, நிறுவனங்கள் என்ன செய்யலாம் கூடாது என்று அது சொல்லும். ஆனால் பெற்ற மகள் எவ்வளவு பார்க்கலாம் என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். கேட்டேன், ஆறு மாதம் கழித்து. அடி எண்ணிக்கை மட்டும் பார்த்துக்கொள், தூக்கத்தைப் பார்க்காதே என்றார். அப்படியே மாற்றினேன். இப்போது வெள்ளி, செவ்வாய் கோயிலுக்குப் போகும் நாளில் மட்டும் கட்டிக்கொள்கிறார். அது போதும்.

ஆக பேண்ட் யாருக்கு? நடக்கக் கூடியவர்களுக்கு, ஊக்கம் வேண்டியவர்களுக்கு. பெரும்பாலான பேண்டுகளில் விழுவதைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்காது, அதனால் ‘பேண்ட் கட்டியிருக்கிறார், கவலையில்லை’ என்று நினைத்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் பல வாட்ச்கள் பிரஷர், சுகர் எல்லாம் காட்டுவதாக விளம்பரம் வருகிறது. ஊசியோ தோலுக்குள் போகும் சென்சாரோ இல்லாமல் வாட்ச்சோ மோதிரமோ சுகரை அளக்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள், அப்படி எந்தச் சாதனத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. இன்சுலின் போடுகிறவர் தவறான எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. பிரஷரும் அப்படித்தான். சாம்சங் வாட்ச்சில் பிரஷர் பார்க்கும் வசதி உள்ள இடங்களில்கூட, 28 நாளுக்கு ஒருமுறை கையில் பட்டை சுற்றும் மிஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. எங்கள் உறவினர் ஒருவர் கட்டியிருந்த மலிவு வாட்ச்சை அப்பா கையில் கட்டிப் பார்த்தோம், 121/79 என்று காட்டியது. அதே ஐந்து நிமிடத்தில் மிஷினில் 164/90. வாட்ச்சை நம்பியிருந்தால் மாத்திரையை நிறுத்தியிருப்பார்.

அதனால்தான் பிரஷர் மிஷினைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அது உடம்பில் அணியும் சாதனம் என்று கணக்கில் வராது, இரண்டு நிமிடம் சுற்றிவிட்டுக் கழற்றுவது. ஆனால் ‘பெற்றோரின் உடல்நிலையைக் கவனிக்க என்ன வாங்கலாம்’ என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் அதுதான். மணிக்கட்டில் மாட்டுவது வேண்டாம், மேல்கையில் சுற்றும் வகை. பிரிட்டனில் 1,182 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே அளந்து அந்த எண்ணை மருத்துவரிடம் காட்டி மாத்திரையைச் சரிசெய்துகொண்டவர்களின் மேல் பிரஷர் ஒரு வருடத்தில் சராசரியாக 137-க்கு வந்தது, வழக்கம்போல மருத்துவமனையில் மட்டும் அளந்தவர்களுக்கு 140-க்குச் சற்று மேல். கேட்க சின்ன வித்தியாசம், ஆனால் பக்கவாதத்தைத் தள்ளிப்போடுவது இந்தச் சின்ன வித்தியாசம்தான்.

அப்பா இதை ஏன் விடாமல் செய்கிறார் என்று கேட்டேன். அவர் சொன்ன காரணங்கள் எந்த ஆய்வுக்கும் குறைந்தவை இல்லை. மருத்துவர் அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார், ஒரு மாத்திரையைக் குறைத்தார். தான் செய்த வேலைக்கு மருத்துவர் மதிப்புக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தார். வேண்டும்போது எடுக்கிறார், வேண்டாதபோது பெட்டியில் வைக்கிறார், அது அவரைக் கவனிக்கவில்லை, அவர்தான் அதைக் கவனிக்கிறார். ‘வாட்ச் என்கிட்ட கேட்காம உங்ககிட்ட சொல்லுதும்மா. இது என்கிட்ட சொல்லுது, நான் டாக்டர்கிட்ட சொல்றேன்’ என்றார். அதற்குமேல் நான் என்ன எழுத?

சரியாக அளப்பதற்கு மட்டும் ஒரு பழக்கம் வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்க, சட்டைக்கைமேல் இல்லாமல் தோல்மேல் பட்டையைச் சுற்றி, பேசாமல் அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை தனியாகக் கேட்டு வாங்குங்கள், சின்னப் பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். வீட்டில் 135/85-க்கு மேல் தொடர்ந்து வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். கிராமத்தில் இருக்கும் பெற்றோருக்கு இன்னொரு வழியும் உண்டு: 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். பெரியம்மா மிஷினைத் தொடவே மாட்டார், ஆனால் அந்தப் பெண் வந்தால் கையை நீட்டுவார், மோர் கொடுத்து உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுவார். சாதனத்தோடு ஒரு மனிதரும் சேர்ந்து வரும்போது யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை.

சுகர் சென்சாருக்கு வருகிறேன். மேல்கையின் பின்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வில்லையை ஒட்டுவார்கள், அதன் அடியில் முடி போன்ற மெல்லிய இழை தோலுக்குள் இருக்கும். ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகை என்றால் இரண்டு வாரம் போல இருக்கும், அப்புறம் புதிது ஒட்ட வேண்டும். ஒன்று ஏறக்குறைய 5,000 ரூபாய் ஆகிறது, அதனால் மாதம் முழுக்கப் போடுவது எல்லாக் குடும்பத்துக்கும் முடியாது. மாமனாருக்கு 74 வயது, இருபது வருடமாகச் சுகர், இன்சுலின் போடுகிறார். இரண்டு முறை அதிகாலையில் சுகர் இறங்கி வியர்த்துக் கிடந்தார், அவருக்கே தெரியவில்லை. பல வருடச் சுகரில் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை மழுங்கிப்போகும், அதுதான் ஆபத்து. ‘உடம்புல எதையும் ஒட்டிக்க மாட்டேன்’ என்று பிடிவாதமாக இருந்தவர், மருத்துவர் சொன்னதால் ஒருமுறை ஒட்டிக்கொண்டார். இராத்திரி மூன்று மணிக்கு 58 வரை இறங்கியதைப் படமாகப் பார்த்ததும் அவரே அடுத்ததைக் கேட்டார். இராத்திரி இன்சுலின் அளவை மருத்துவர் குறைத்தார். 60 வயதைத் தாண்டிய, முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள 203 பேரை வைத்து 2020-இல் வந்த ஆய்விலும் இப்படித்தான், சென்சார் போட்டவர்களுக்குச் சுகர் 70-க்குக் கீழே கிடக்கும் நேரம் நாளுக்கு 73 நிமிடத்திலிருந்து 39 நிமிடமாகக் குறைந்தது, விரலில் குத்திப் பார்த்தவர்களுக்கு மாற்றம் இல்லை.

நாலு பேரில் அதிகம் எதிர்த்தவர் மாமனார்தான், முழு மனதோடு ஏற்றுக்கொண்டவரும் அவர்தான். ஏனென்றால் அது அவருடைய சொந்தப் பயத்துக்குப் பதில் சொன்னது. அப்பாவுக்கு வாட்ச் வாங்கியபோது அது யாருடைய பயம்? எங்களுடையது. மாத்திரையில் கட்டுப்பாடாகச் சுகர் இருக்கிற, இறங்கும் பழக்கம் இல்லாத பெரியவருக்கு இந்தச் சென்சார் தேவையில்லை. இட்லி சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடவே பயப்படும் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 14 நாள் போட்டுப் பார்ப்பது நடுவழி. ஒன்று நினைவில் இருக்கட்டும், அது இரத்தத்தை நேரடியாக அளப்பது இல்லை, தோலுக்கு அடியில் செல்களைச் சுற்றியுள்ள திரவத்தை அளக்கிறது, அதனால் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கும். தலை கிறுகிறுத்து, சென்சார் எண் சரியாக இருப்பதுபோல் தெரிந்தால், விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள்.

ஸ்மார்ட் மோதிரம் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். வயதானால் விரல் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. வீங்கினால் கழற்றுவது கஷ்டம், விழுந்தால் யாரையும் கூப்பிடாது, எண்ணைப் பார்க்கப் போனைத் திறக்க வேண்டும். விரலில் கவ்வும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் வாங்கியது பல வீட்டில் இருக்கும், நுரையீரல் தொல்லை உள்ளவர்களுக்கு அது இப்போதும் பயன்படும். நகப்பூச்சு இல்லாமல், விரல் சூடாக இருக்கும்போது வையுங்கள். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-இல் ஆய்வு வந்தது, அதனால் மூச்சு வாங்குகிறது என்று அவர்கள் சொன்னால் எண் 96 என்று காட்டினாலும் அவர்களை நம்புங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இவை எதையும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். காந்தம் உள்ள வாட்ச் பட்டைகளையும் சார்ஜர்களையும் நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். உடல் கொழுப்பை அளக்க மின்சாரம் செலுத்தும் வசதியை அவர்கள் பயன்படுத்தவே கூடாது.

கடைசியாக, கழுத்தில் தொங்கும் எஸ்ஓஎஸ் பட்டன். மேலைநாடுகளில் இது 1970-களிலிருந்து இருக்கிறது, அழுத்தினால் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் மையத்துக்குப் போகும். நம் ஊரில் ஆன்லைனில் கிடைப்பவை பெரும்பாலும் சிம் போட்டு, நாம் பதிந்த நாலைந்து எண்களை வரிசையாக அழைப்பவை. திரை இல்லை, கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, அழுத்தினால் போதும். கேட்டால் இதுதான் முதியவர்களுக்கு மிகச் சுலபமானது என்று தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பகுதியில் 90 வயதைத் தாண்டியவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2008-இல் வெளிவந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. அந்த வருடத்தில் விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தரையில் கிடந்திருக்கிறார்கள். பலரிடம் அவசரப் பட்டன் இருந்தது. நெடுநேரம் தரையில் கிடந்த பெரும்பாலான சமயங்களில் அதை அழுத்தவில்லை. ஆணியில் மாட்டியிருந்திருக்கும், கைக்கு எட்டியிருக்காது, அல்லது பிறரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நானே எழுந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். நம் பாட்டிமார்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடைசிக் காரணம் புதிது இல்லை.

பெரியம்மா திருநெல்வேலிப் பக்கம் தனியாக இருக்கிறார், 81 வயது. போன வருடம் அடுக்களையில் சரிந்து, பூக்காரம்மா வரும்வரை முக்கால் மணி நேரம் கிடந்தார். யாரையும் கூப்பிடவில்லை. ‘காலங்காத்தால யாரை எழுப்ப’ என்றார். அவருக்கு எது சரி? வாட்ச் தானாகவே கூப்பிடும், அதனால் கூச்சம் தடையாக இருக்காது, ஆனால் தினமும் சார்ஜ் போட ஆள் இல்லை, ஸ்மார்ட் போனும் இல்லை, மெதுவாகச் சரிந்தால் வாட்ச்சுக்குத் தெரியாமலும் போகலாம். பட்டன் சார்ஜ் நாலைந்து நாள் வரும், எளிது, ஆனால் அவரே அழுத்த வேண்டும். வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. நான் பட்டன் பக்கம் பேசினேன், அண்ணன் வாட்ச் பக்கம்.

இந்த முறை முதலில் பெரியம்மாவிடம் கேட்டோம். வாங்குவதற்கு முன்னால் நேரில் போய் உட்கார்ந்து கேட்டோம். யாரைக் கூப்பிட்டால் உனக்குக் கூச்சமாக இருக்காது என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துப் பக்கத்து வீட்டுப் பையனைச் சொன்னார், கல்லூரியில் படிக்கிறவன், இவர் வளர்த்த பிள்ளை மாதிரி. எங்கள் யார் பெயரையும் சொல்லவில்லை, அது சரியும்தான், நாங்கள் கேட்டு வந்து சேர எட்டு மணி நேரம் ஆகும். பட்டன்தான் வாங்கினோம். அதில் முதல் எண் அவனுடையது, இரண்டாவது பூக்காரம்மா, மூன்றாவதுதான் நான். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், விழாமலே அழுத்திப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அவன் எடுத்து ‘என்ன ஆச்சி, டெஸ்ட்டா?’ என்பான். அழுத்துவது அவசரத்துக்கு மட்டும் என்று இருந்திருந்தால் அவர் கை போயிருக்காது, வாராவாரம் அழுத்தியதில் அந்தத் தயக்கம் கரைந்தது. சார்ஜையும் அன்றைக்கே அவன் வந்து போட்டுவிடுவான், நடுவில் புதன்கிழமை பூக்காரம்மா.

அதோடு வந்த நைலான் கயிறு கழுத்தில் அரிக்கிறது என்று மட்டும் சொன்னார். துளசி மணி மாலை கோத்த பழைய நூல்கயிறு இருந்தது, அதில் கோத்துக்கொண்டார். எட்டு மாதம் ஆகிறது, குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.